பாதுகாப்பற்ற நிலையில் எட்டுப் பேர்

பொது வெளிச்ச வாரியத்தில் மூன்றாம் பகுதி ஆய்வாளராக இருந்த நம்மவருக்கு இரண்டு வருடங்களாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. மருத்துவரிடம் போகவில்லை. காரணம் அவருக்கே தெரியும். நான்காம் பகுதி ஆய்வாளர் அவருடைய சகலை, மனைவியின் அக்காவைக் கட்டியவர். இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். ஒரே அளவு சட்டை, ஏறக்குறைய ஒரே அளவு வழுக்கை. அப்படியிருக்க, சகலையின் கைக்கருவியில் மட்டும் சிவப்புப் பட்டை இருந்தது. இது எந்த ஊர் நியாயம் என்று நம்மவர் கேட்டதில் தப்பே இல்லை.

கைக்கருவி என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் தெருத்தெருவாக நடந்து, விளக்கு எரிகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் வெளிச்ச ஆய்வாளர்களின் வேலை. முன்பெல்லாம் நோட்டில் எழுதினார்கள். ஆறு வருடங்களுக்கு முன்னால், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, ரப்பர் உறை போட்ட கருவி ஒன்றை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். உள்ளே ஓடுவது லினக்ஸ் என்றார்கள். ஏதோ மோட்டார் போல என்று நினைத்து ஆய்வாளர்கள் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள், சத்தம் எதுவும் வரவில்லை. திரையில் மூன்றே பொத்தான்கள்: 'எரிகிறது', 'எரியவில்லை', 'மரம் மறைக்கிறது'. அந்தந்தக் கருவி அந்தந்தப் பகுதியின் கம்பங்களை மட்டும் ஏற்கும். கம்பத்தின் எண்ணைப் போட்டு 'எரியவில்லை' என்று அழுத்தினால், இரண்டு நாளில் ஏணி வண்டி வந்து பல்பை மாற்றிவிட்டுப் போகும். வாரியம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அதனால் அதை யாரும் மதிக்கவில்லை.

மதிப்பெல்லாம் மேல்நிலைக்குத்தான். கருவியின் அமைப்புகளுக்குள் கடைசிக் கடைசியாக 'மேம்பட்ட நிலை' என்று ஒன்று இருந்தது. அதை இயக்கினால் கருவியைச் செய்தவர்கள் போட்ட பூட்டெல்லாம் திறந்துகொள்ளும். உள்ளே எதையும் மாற்றலாம், எதையும் அழிக்கலாம். பழுது பார்க்கிறவர்களுக்கென்று வைத்த வழி அது. தெரியாதவர்கள் கை வைத்துவிடக் கூடாதே என்று, அதை இயக்கியதும் திரையின் உச்சியில் சிவப்பாக ஒரு பட்டை வந்து, 'எச்சரிக்கை: இந்தக் கருவி பாதுகாப்பற்ற நிலையில் உள்ளது' என்று காட்டும்படி செய்திருந்தார்கள். செய்தவர்கள் எச்சரிக்கை என்று வைத்ததை வாரியம் 'மேல்நிலை' என்ற பட்டமாக எடுத்துக்கொண்டது.

பட்டை பெற்ற ஆய்வாளர்கள் ஏழு பேர். அவர்களுக்குக் கை வைத்த நாற்காலி, மூடி போட்ட கோப்பையில் டீ. மற்றவர்களுக்குக் கையில்லாத நாற்காலி, ஈ விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கிற டீ. ஏழு பேருக்கும் மாடியில் தனி அறை. வாசலில் பித்தளைப் பலகை: 'பாதுகாப்பற்றவர்களுக்கு மட்டும்'. கடிதங்களில் கையெழுத்துக்குக் கீழே 'மேல்நிலை' என்று போட்டுக்கொள்ளலாம். சகலை கடிதத்தோடு நிறுத்தினாரா? மகளின் பள்ளி மதிப்பெண் அட்டையிலும் கையெழுத்துக்குக் கீழே 'மேல்நிலை' என்று போட்டார். நம்மவர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். திங்கட்கிழமைக் கூட்டத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. எந்தப் பகுதியில் போன வாரம் எத்தனை விளக்கு எரியவில்லை என்று சுவர்ப் பலகையில் எழுதுவார்கள். மூன்றாம் பகுதி, பதினாலு. நான்காம் பகுதி, பூஜ்யம். அடுத்த வாரமும் மூன்றாம் பகுதி ஏறக்குறைய அதே பதினாலு, நான்காம் பகுதி பூஜ்யம். மேல்நிலைக்காரர்கள் ஏழு பேர் பகுதியிலும் வாராவாரம் பூஜ்யம். நம்மவருக்கு அலுவலகத்தில் 'பதினாலு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"பதினாலு, உங்க பகுதில மட்டும் ஏன் இவ்வளவு இருட்டு?" என்று கேட்டார் இயக்குநர்.

"நான் நடந்து போய்ப் பாக்கறேன் சார். எரியாததை எரியலன்னு போடறேன்."

"உங்க சகலையும்தான் நடக்கறார். அவர் கண்ணுல ஏன் ஒண்ணுகூடப் படல?"

கூட்டம் சிரித்தது. சகலை சிரிக்கவில்லை. குனிந்து தன் கருவியை ஒரு மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் சேர்ந்து சிரித்திருந்தால்கூட நம்மவருக்கு அத்தனை எரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு கூட்டம். மனைவிக்கு ஒரு மருத்துவமனையில் சீட்டுப் போடும் வேலை. ஆறரைக்கு முடித்துவிட்டு, பழைய ஐஸ் தொழிற்சாலைத் திருப்பம் வழியாக நடந்து வருவார். அந்தத் திருப்பத்தில் ஒரு பக்கம் நீளமான சுவர், மறுபக்கம் சாக்கடை, சாக்கடைமேல் கால் வைத்தால் ஆடுகிற சிமெண்ட் மூடிகள். வேறு வழியில் வரலாம் என்றால் அரை மணி நேரம் சுற்ற வேண்டும். திருப்பத்தின் நடுவில் 417-ஆம் எண் கம்பம். ஆறு வருடத்தில் அந்த விளக்கு இரண்டு நாளுக்கு மேல் அணைந்து கிடந்ததே இல்லை. நம்மவர் விடமாட்டார். மூன்றாம் பகுதியின் அறுநூற்றுப் பன்னிரண்டு கம்பங்களில் அவர் தினமும் முதலில் பார்ப்பது அதைத்தான். மனைவி இதற்காக அவரை ஒரு நாளும் பாராட்டியதில்லை. எரிகிற விளக்கை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

"அக்கா போன் பண்ணினா," என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார். "மாமாவுக்குப் புதுசா கை வெச்ச நாற்காலியாம்."

"நாற்காலில ஒக்காந்தா விளக்கு எரிஞ்சிடுமா?"

"அவர் பகுதியில எல்லாம் எரியுதாமே. பூஜ்யமாமே. நீங்க ஏங்க பதினாலு?" பையை ஆணியில் மாட்டிவிட்டு நின்றார். "சின்ன வயசுல இருந்தே பஸ்ல ஜன்னல் சீட்டு அவளுக்குத்தான். கல்யாணம் ஆனா மாறும்னு நெனச்சேன்."

இந்தக் கடைசி வாக்கியம் நம்மவருக்கு எங்கே போய்க் குத்தியதோ, மறுநாளே மேல்நிலை விண்ணப்பம் ஒன்றை வாங்கிவந்துவிட்டார்.

விண்ணப்பம் பதினொரு பக்கம். எதற்காக மேல்நிலை வேண்டும் என்ற இடத்தில் மூன்று பதில்கள் அச்சடித்திருந்தார்கள்: சக ஊழியருக்கு இருப்பதால், உறவினருக்கு இருப்பதால், மேற்கண்ட இரண்டும். வேலைக்குத் தேவைப்படுவதால் என்று ஒன்று இல்லை. யாரும் கேட்டதில்லையாம். நம்மவர் மூன்றாவதற்கு எதிரே பேனாவை அழுத்திக் குறி போட்டார். அடுத்த பக்கம்வரை பதிந்தது.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "மேல்நிலை கிடைச்சா அதை வெச்சு என்ன செய்வீங்க?"

நம்மவர் பொய் சொல்லத் தெரியாதவர். "தெரியாது சார்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். "நல்லது. எதுவும் செய்யத் தெரியாதவங்களுக்குத்தான் குடுக்கறது. போன வருஷம் ஒருத்தர் வந்தார், எல்லாம் தெரிஞ்சவர். குடுத்திருந்தா உள்ள போய் எதையாவது சரி பண்ணித் தொலைச்சிருப்பார். நல்ல வேளை, தப்பிச்சோம்."

கடைசியாக ஒரு கையெழுத்து பாக்கி. கணினிப் பிரிவு எச்சரித்தது என்று அங்கே போய் நம்மவர் எழுதித் தர வேண்டும். கணினிப் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை. அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் அவரை 'சிஸ்டம் மேடம்' என்பார்கள். யாராவது படியேறினால் அவர் விசைப்பலகையில் தூசி விழும். அவர் ஊதிவிட்டு வேலையைத் தொடர்வார்.

"சார், மத்தவங்க யாரும் கேக்கல, நீங்களாவது கேளுங்க," என்றார் சிஸ்டம் மேடம். "அந்த நிலையை ஆன் பண்ணின உடனே கருவில நீங்க எழுதி வெச்சதெல்லாம் அழிஞ்சிடும்."

"பட்டை எவ்வளவு அகலம்மா வரும்?"

"அப்புறம் பூட்டுன்னு எதுவுமே இருக்காது. எங்கயாவது விழுந்து யாராவது எடுத்தா, கருவி அவங்களோடதுதான். கடவுச்சொல்கூடக் கேக்காது."

"எங்க சகலையோடது என்ன அகலம்?"

"எல்லாருக்கும் ஒரே அகலம்தான் சார். இதைக் கொஞ்சம் கவனிங்க. இப்ப நீங்க தப்பா எதையாவது சொன்னா, லினக்ஸ் முடியாதுன்னு சொல்லிடும். மேம்பட்ட நிலையில அது எதிர்த்துப் பேசாது. தன்னையே அழிச்சுக்கோன்னு ஒரு வரி அடிச்சாக்கூட, ஏன்னு கேக்காம அழிச்சுக்கும். செஞ்ச கம்பெனியும் நாங்க பொறுப்பில்லன்னு சொல்லிடுவாங்க."

"ஒரே அகலமா?" என்றார் நம்மவர். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இருந்தாலும் 'எச்சரிக்கப்பட்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். சிஸ்டம் மேடம் அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தூசியை ஊதினார்.

விழா ஒரு வெள்ளிக்கிழமை. கூடத்தில் மேடை, மேசை, ஒலிபெருக்கி. மேல்நிலைக் குடும்பங்களுக்கு முதல் வரிசை. மனைவியின் அக்கா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். நம்மவரின் மனைவி வந்ததும் அவர் நகர்ந்து உட்கார்ந்து ஓரத்து இருக்கையைத் தங்கைக்குக் கொடுத்தார். மனைவியின் முகத்தை மேடையிலிருந்து பார்த்த நம்மவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இயக்குநர் பேசினார். அவர் மேடையேறினால் எழுத்துத் தமிழில்தான் பேசுவார்.

"இந்த வாரியத்தில் ஆயிரத்து இருநூறு பேர் பணியாற்றுகிறோம். அவர்களில் பெரும்பாலோர் பாதுகாப்பான நிலையில் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்பாக இருப்பதற்கு என்ன திறமை வேண்டும்? மேல்நிலை என்றால் என்ன? நம்மை நம்பி மக்கள் ஒப்படைத்த ஒன்றை, எந்த நிமிடத்திலும், யாரையும் கேட்காமல், முழுவதுமாகக் கெடுத்துவிடக்கூடிய தகுதி. அந்தத் தகுதி எனக்கு மூன்று வருடங்களாக இருக்கிறது. இன்று இவரும் அதை அடைகிறார்."

கைதட்டல். நம்மவர் கருவியை நீட்ட, இயக்குநர் அமைப்புகளுக்குள் போனார். கருவி கேட்டதை ஒலிபெருக்கியில் உரக்கப் படித்தார். "இது ஆபத்தானது, உறுதியா?" கைதட்டல். "உள்ளே உள்ள அனைத்தும் அழிக்கப்படும், உறுதியா?" பலத்த கைதட்டல். "இதற்குப் பின் ஏற்படும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, உறுதியா?" முன்வரிசை எழுந்து நின்று தட்டியது. நம்மவர் ஆறு வருடங்களாகக் கம்பம் கம்பமாக எழுதி வைத்த குறிப்புகள் அந்தக் கைதட்டலுக்குள் போயின. 417: சாக்கடை மூடி ஆடுகிறது, பல்பு சீக்கிரம் போகும், நாள் தவறாமல் பார்க்கவும் என்று எழுதியிருந்ததும் போனது. பட்டை வந்தது. நல்ல சிவப்பு.

அடுத்து வாரியத்தின் சம்பிரதாயம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் தொடக்க வரி. இயக்குநர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய வெல்வெட் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு பாதித் தாளை எடுத்தார். மேல்பாதி கிழிந்துபோயிருந்தது. மீதியில் கையெழுத்தில் ஒரே ஒரு வரி.

"இது எனக்கு முன்பிருந்த இயக்குநர் எனக்குத் தந்தது. அவருக்கு அவர் முன்னவர் தந்தார். மேல்நிலை அடையும் ஒவ்வொரு கருவியிலும் முதல் கட்டளையாக இதை அடிக்கிறோம். இதன் பொருள் எங்கள் மூவருக்குமே தெரியாது. பொருள் தெரிந்துவிட்டால் அப்புறம் நம்பிக்கைக்கு எங்கே இடம்?"

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். கடைசி வரிசையில் நின்றிருந்த சிஸ்டம் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். திரையில் எழுத்துகள் கடகடவென்று கீழே ஓடின, பிறகு நின்றன, பிறகு காணாமல் போயின. பட்டை மட்டும் உச்சியில் அப்படியே நின்றது. அதற்குக் கீழே கறுப்பு. நம்மவர் மற்றது எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்த சகலை அவர் காதோடு சொன்னார்: "பட்டை வந்துடுச்சில்ல, அவ்வளவுதான். சிரிங்க, போட்டோ எடுக்கறாங்க."

அன்று சாயங்காலம் நம்மவர் சுற்றுக்குப் போனார். 388 எரியவில்லை. கருவியை எடுத்து அழுத்தினார். அழுத்துவதற்கு எதுவும் இல்லை. குலுக்கினார், தட்டினார், வெயில்பட்டுச் சூடாகியிருக்கும் என்று ஊதிக்கூடப் பார்த்தார். திங்கட்கிழமை காலை மாடியறைக்கு ஓடினார். ஏழு பேரும் கை வைத்த நாற்காலிகளில் உட்கார்ந்து அவரவர் கருவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சகலை, என்னுது வேலை செய்யல."

சகலை எழுந்து கதவைச் சாத்தினார். "மெதுவா பேசுங்க. இங்க யாருதும் வேலை செய்யல."

"எப்ப இருந்து?"

"என்னுது ரெண்டு வருஷம். அந்த வரியை அடிச்ச நிமிஷத்துல இருந்து. ஜன்னலோரம் இருக்காரே, அவருது நாலு வருஷம்."

"அப்ப உங்க பூஜ்யம்?"

"எரியலன்னு தகவல் வரலன்னா எரியுதுன்னு சிஸ்டம் எடுத்துக்குது. நம்மால எதையும் அனுப்ப முடியாது. அதனால எல்லாம் எரியுது."

"ஜனங்க வந்து கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. கவுண்ட்டர்ல திரையைத் திருப்பிக் காட்டுவாங்க, பாருங்க எரியுதுன்னு. அவங்களும் பாத்துட்டுப் போயிடுவாங்க."

நம்மவர் தனக்கென்று புதிதாகப் போட்டிருந்த எட்டாவது நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் கை இருந்தது. அந்த நிலையிலும் சுகமாகத்தான் இருந்தது.

"ரெண்டு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சகலை. நான் வெந்து செத்தேனே."

"அதனாலதான் சொல்லல," என்றார் சகலை. "முதல் வாரமே போய்ச் சொல்லிடறதாத்தான் இருந்தேன். ஆனா கூட்டத்துல நீங்க என் பட்டையைப் பாத்தீங்களே ஒரு பார்வை. அப்பதான் தோணிச்சு, இது பெரிய விஷயம்தான் போலன்னு." துணியை மடித்தார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். உங்க கருவி அழுத்த அழுத்த வேலை செய்யறதைப் பாத்து நானும் தினம் வெந்தேன்."

சகலைக்குத் தன்மேல் பொறாமை என்று கேட்டதும் நம்மவருக்கு வயிறு குளிர்ந்தது. அன்று மத்தியானம் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். பொறாமைப்பட்ட பொருள் இப்போது தன்னிடம் இல்லை என்பது மோர் ஊற்றிக்கொள்ளும்போதுதான் உறைத்தது.

பலகையில் மூன்றாம் பகுதிக்கு எதிரே பூஜ்யம் விழுந்தது. 'பதினாலு' என்று கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். மனைவி அக்காவுக்குத் தானே போன் செய்து, ஒரு மணி நேரம் பேசினார். மூன்றாவது வாரம் 417 அணைந்தது.

"என்னங்க, திருப்பத்துல விளக்கு எரியல. போட்டுடுங்க."

"போட்டாச்சு," என்றார் நம்மவர். பொய் சொல்லத் தெரியாதவர் என்று முன்னால் சொன்னேன். கற்றுக்கொண்டுவிட்டார்.

இரண்டு நாள் போனது, நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து வீடு வந்து சேர்ந்தார். ஆடுகிற மூடியில் இடது கால் மாட்டிக்கொண்டுவிட்டது. கணுக்கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் போயிருந்தது. நம்மவர் குனிந்து வாரை அவிழ்த்தார்.

"நீங்க போட்டும் வரலையா ஏணி வண்டி?" என்று கேட்டார் மனைவி. வலியில் கேட்டாரே தவிர, சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அதுதான் நம்மவரை அறுத்தது.

காலையில் இயக்குநர் அறைக்குள் நேராகப் போய் நின்றார். "சார், என் கருவி செத்துப்போச்சு. 417 எரியல. என் மனைவி சாக்கடை மூடில விழுந்துட்டாங்க."

"பட்டை இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன செத்துப்போச்சு?" இயக்குநர் ஜன்னல் வழியே கூடத்துப் பலகையைக் காட்டினார். "மூணு வாரமா பூஜ்யம். பதினாலா இருந்த உங்களை இருட்டே இல்லாத ஆளா ஆக்கியிருக்கோம். இப்ப வந்து இருட்டுங்கறீங்க. நான் பலகையை நம்பறதா, உங்க வீட்டம்மா காலை நம்பறதா?"

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஏணி வண்டி போகும் சார்."

"ஏணி வண்டி கருவி சொன்னாத்தான் போகும். மனுஷன் சொல்லிப் போனதில்ல. உங்களுக்குக் கீழ இறங்கணும்னா அதுக்கும் விண்ணப்பம் இருக்கு. உங்க கைக்கருவில திறந்து, நிரப்பி அனுப்புங்க."

படியிறங்கினார். சிஸ்டம் மேடம் கையை நீட்டி, கருவியை வாங்கி, ஒரு கம்பியைத் தேடி எடுத்தார்.

"பத்து நிமிஷ வேலை சார். கம்பெனி குடுத்த முழு சிஸ்டத்தையும் இந்தக் கம்பி வழியா திரும்ப ஏத்திடலாம். சாயங்காலம் 417-ஐப் போட்டீங்கன்னா நாளன்னிக்கு ஏணி வண்டி வந்துடும்."

நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அந்தத் தொடக்க வரி என்னம்மா?"

சிஸ்டம் மேடம் மேசைக் கண்ணாடிமேல் விரலை வைத்துக் காட்டினார். அதற்கு அடியில் ஒரு தாளின் மேல்பாதி இருந்தது. 'தெரியாமல்கூட இதை அடித்துவிடாதீர்கள். அடித்தால் கருவி அதோடு முடிந்தது' என்று எழுதியிருந்தது. "எனக்கு முன்னால இந்த மேசைல இருந்தவர் எழுதினது. கீழ்ப்பாதியை யாரோ கிழிச்சு மேல கொண்டுபோயிட்டாங்க. மூணு தடவை கடிதம் எழுதிட்டேன். மேல்நிலை பத்தின கடிதத்தை மேல்நிலைக் கருவிலதான் அனுப்பணுமாம்."

கம்பியைக் கருவியில் செருகப் போனார்.

"ஒரு நிமிஷம்," என்றார் நம்மவர். "பட்டை?"

"போயிடும் சார். பாதுகாப்பான நிலைக்கு வந்துடும்."

"மத்த ஏழு பேர் உங்ககிட்ட வரலையா?"

"எல்லாரும் வந்தாங்க சார். இயக்குநர்கூட வந்தார். இதே கேள்வியைக் கேட்டாங்க. போயிட்டாங்க."

நம்மவர் நின்றார். கையில்லாத நாற்காலி ஞாபகம் வந்தது. ஈ விழுந்த டீ. திங்கட்கிழமைப் பலகை. மனைவி அக்காவுக்குப் போன் செய்து சிரித்த சிரிப்பு. அப்போது தலைக்கு மேலே செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ நிதானமாக, அவசரமில்லாமல் படியேறினார்கள். பார்க்காமலே தெரிந்தது, சகலை. மேசைமேல் தூசி விழுந்தது. தான் கீழே நிற்க, அந்த ஆள் மேலே ஏறிப் போய்க் கை வைத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மூடியைத் திறந்து டீ குடிப்பதை நம்மவர் மனசுக்குள் பார்த்தார். பழைய எரிச்சல், விட்ட இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டது.

"நாளைக்கு வரேன்மா," என்று கருவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டிலிருந்த இரண்டு பேட்டரி போடும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் 417-க்கு அடியில் நின்றார். ஆறு ஐம்பதுக்கு மனைவி நொண்டிக்கொண்டு வந்தார். நம்மவர் மூடிகள்மேல் வெளிச்சம் அடித்து, கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

"நீங்களே நிக்கணுமா? மேல்நிலை ஆளு."

"மேல்நிலை ஆள் நேர்ல நிக்கணும்னு இப்ப உத்தரவு."

மனைவி தலையாட்டினார். "ஆமா, அக்காவும் சொன்னா. அவங்க தெரு முனையில மாமா ரெண்டு வருஷமா நிக்கறாராம். வாரியமே டார்ச் குடுத்துதுன்னு சொல்லியிருக்கார்." நான்கு அடி நொண்டினார். "அது நாலு பேட்டரியாம். தெருக்கோடி வரைக்கும் அடிக்குமாம்."

நம்மவர் தன் கையில் இருந்ததைப் பார்த்தார். வெளிச்சம் மனைவியின் செருப்பைத் தாண்டி ஒரு முழம் போனது, அவ்வளவுதான். அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் முதல் வேலையாகக் கடைத்தெருவுக்குப் போனார். முதல் கடையில் நான்கு பேட்டரிதான் இருந்தது. இரண்டாவது கடையில் ஐந்து. நம்மவர் ஆறு கேட்டார். மூன்றாவது கடைக்காரர் பரணில் ஏறித் தேடி, தூசி தட்டி, பேட்டரி போட்டு, எதிர்ச் சுவரில் அடித்துக் காட்டினார். நம்மவர் தானும் ஒருமுறை அடித்துப் பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். தூக்க முடியாத கனம். திருப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழு இருபது.

மனைவி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கால் நீட்டியபடி இருந்தது. வலது கால் செருப்பு சாக்கடைக்குள் கிடந்தது. வலது கணுக்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போனீங்க?"

நம்மவர் டார்ச்சை இயக்கினார். சுவர், சாக்கடை, திருப்பம், அதற்கு அப்பால் இருந்த பூட்டிய கடைகள்வரை வெளுத்தன.

"பாரு," என்றார். "அவங்ககிட்ட இருக்கறது நாலுதான்."

மனைவி அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கால்களையும் பார்த்தார். "பட்டை வந்தாச்சு, டார்ச்சும் வந்தாச்சு," என்றார். "நாளைக்குக் கடைக்குப் போனா எனக்கு ரெண்டு கால் வாங்கிட்டு வாங்க."

நம்மவர் எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்று டார்ச்சைத் தூக்கி 417-இன்மேல் அடித்தார். எரியாத விளக்கு நன்றாகத் தெரிந்தது.